முதலாளித்துவமும் பொதுவுடைமையும் கலந்தால் தனிமனிதன் என்ன ஆவான்? செட்டிநாட்டுக் கணக்கிலிருந்து ஒரு பதில்

காரைக்குடியில் பொருளியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "முதலாளித்துவத்தில் இருக்கிற நல்லதையும் கம்யூனிசத்தில் இருக்கிற நல்லதையும் எடுத்து ஒரு ஆட்சிமுறை வைத்தால் என்ன? அப்படிக் கலந்தால் அரசாங்கம் நம் சொந்த வாழ்க்கைக்குள்ளும் கையை விட்டுவிடும் என்கிறார்களே, உண்மையா?"

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில் போதும். இரண்டையும் ஏதாவது ஒரு விகிதத்தில் கலக்காத நாடு இன்று அநேகமாக இல்லை. இரண்டாம் பாதிக்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. கலவையில் அரசின் பங்கு 30 சதவீதமா 70 சதவீதமா என்று பார்த்துத் தனிமனிதன் நிலையைக் கணித்துவிட முடியாது என்பது என் வாதம். அரசு ஒன்றைச் செய்ய வரும்போது "முடியாது" என்று ஒருவன் சொன்னால் அவனுக்கு என்ன ஆகிறது? வழக்குப் போட இடமிருக்கிறதா, வேறு பிழைப்புப் பார்க்க முடிகிறதா, இருப்பதை மூட்டை கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர விடுகிறார்களா? அதைப் பார்த்தால் போதும், மற்றது தானே விளங்கும்.

இதைச் சொல்லச் செட்டிநாட்டைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. இந்த வறண்ட பூமியிலிருந்து கொண்டுவிக்க, அதாவது வாங்கி விற்றுத் தொழில் செய்ய, போன நகரத்தார் என்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நூறு நூற்றைம்பது ஆண்டுக்குள் பிரிட்டிஷ் ஆட்சியின் சந்தை, பர்மியச் சோஷலிசம், வியட்நாம் கம்யூனிசம், சிங்கப்பூரின் அரசு முதலாளித்துவம், இந்தியக் கலப்புப் பொருளாதாரம் என்று அத்தனையிலும் முதலைப் போட்டிருக்கிறார்கள். சிலவற்றில் எடுத்தார்கள், சிலவற்றில் அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். நான் நகரத்தார் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வீட்டுக் கணக்குப் பார்த்த குடும்பம் எங்களுடையது. அதனால் அவர்கள் பெருமையையும் பேரேட்டோடு ஒத்துப் பார்த்தே பழக்கம்.

முதலில் பெயர்களைச் சரிசெய்துகொள்வோம். மார்க்ஸ் சொன்ன கம்யூனிசத்தில் கடைசியில் அரசே உதிர்ந்துபோக வேண்டும். சோவியத் யூனியன்கூட அந்த இடத்துக்கு வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டதில்லை. நடப்பில் கம்யூனிசம் என்று நாம் சொல்வதில் மூன்று சரக்கு இருக்கிறது: நிலமும் ஆலையும் அரசின் கையில், எதை எவ்வளவு செய்வது என்று மேலிருந்து வரும் திட்டம், ஒரே கட்சியின் ஆட்சி. கலக்கலாம் என்று பேசுகிறவர்கள் முதல் இரண்டைப் பற்றித்தான் பேசுவார்கள். மூன்றாவது சரக்கு கலவையில் சேருகிறதா இல்லையா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

லெனினே ஒருமுறை கலந்து பார்த்தார். 1921இல் புதிய பொருளாதாரக் கொள்கை என்று கொண்டுவந்து, குடியானவன் வரி கட்டியது போக மிச்சத் தானியத்தைச் சந்தையில் விற்கலாம், சிறு வியாபாரி கடை வைக்கலாம் என்று விட்டார். விளைச்சல் நிமிர்ந்தது. ஆனால் அதே 1921இல் கட்சிக்குள் தனி அணிகள் கூடாது என்றும் தீர்மானம் போட்டார்கள். சந்தையைத் திறந்த வேகத்தில் வாயை அடைத்தாயிற்று. 1920களின் முடிவில் ஸ்டாலின் அந்தச் சந்தையை மூடிவிட்டுக் கூட்டுப்பண்ணை என்று கிளம்பியபோது, வேண்டாம் என்று சொல்லித் தப்பக்கூடிய ஆள் கட்சிக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை. கொடுத்தவர் நினைத்தபோது திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடியதைச் சுதந்திரம் என்று எழுதி வைக்கக் கூடாது. அது சலுகைப் பற்று.

கலவை என்றதும் அரசாங்கத்தையே நினைக்க வேண்டியதில்லை. கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ பழைய நகரத்தார் வீடு ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். முகப்பும், வளவு என்ற உள்முற்றமும் பங்காளிகள் எல்லாருக்கும் பொது. கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு எல்லாம் அங்கேதான். ஆனால் மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைத்து'விடுவார்கள். அதே கூரைக்குக் கீழே அவனுக்கென்று ஒரு அறை, தனி அடுப்பு, வருஷத்துக்கு இவ்வளவு என்று அளந்துவிட்ட செலவுப் பணம். மிச்சம் பிடித்தாலும் கடன் பட்டாலும் அந்த ஜோடியின் பாடு. சோறு பொதுவில் வெந்தால் மருமகள்களுக்குள் யார் அதிகம் வேலை செய்தார், யார் அதிகம் சாப்பிட்டார் என்ற வழக்கு தீராது என்பது இந்த ஆச்சிமார்களுக்குத் தெரிந்திருந்தது. சீனாவின் கம்யூன் சமையல் கூடங்கள் 1950களின் கடைசியில் படாதபாடு பட்டுக் கற்ற பாடம் அது.

ஊர் மட்டத்திலும் இதே ஏற்பாடுதான். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்த கல்யாணமான ஆண் ஒரு புள்ளி. பொதுக் காரியத்துக்குப் புள்ளி வரி, பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவு. அதற்கு மேல் வசதியைப் பார்த்து ஆஸ்தி வரி. தொழிலில் ஒரு பங்கு மகமை. கோயில் திருப்பணி, ஊருணி, பாடசாலை, யாத்திரை போகிற ஊர்களில் நகர விடுதி எல்லாம் இந்தப் பணத்தில் வந்தவை. தலைவரி, சொத்து வரி, தொழில் வரி என்று பொதுநிதிப் பாடத்தில் தனித்தனியாக நடத்துவதை இவர்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து முடித்திருக்கிறார்கள்.

இதில் மயங்கிவிடவும் கூடாது. கோயில் மாலை வந்தால்தான் கல்யாணம் கல்யாணம். வெளியே பெண் எடுத்தவனுக்குப் புள்ளி இல்லை. கடல் கடந்த கடைக்குச் சம்பளச் சீட்டு எழுதிப் போன அடுத்தாளுக்கு (உதவியாளனுக்கு) வழக்கமாக மூன்று வருஷக் கெடு. பெண்டாட்டி பிள்ளை ஊரில், இவன் அங்கே. எந்தச் சர்க்காரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் தனிமனிதன் மேல் பிடி இருந்தது, நல்ல இறுக்கமான பிடி. ஒரே ஆறுதல், ஒத்துவராதவன் மதுரைக்கோ சென்னைக்கோ போய் வேறு வேலை பார்க்கலாம். நகரத்தார் பிடியின் எல்லை அவர்கள் சமூகத்தோடு முடிந்தது. அரசாங்கத்தின் எல்லை அப்படி முடிவதில்லை.

இனி பர்மா. பிரிட்டிஷார் 1852இல் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் சதுப்புக் காட்டை வயலாக்க முன்பணம் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் குடியானவனுக்குக் கடன் தராது. செட்டியார்கள் தந்தார்கள். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1930 வாக்கில் கணக்கெடுத்தபோது சுமார் 1,650 செட்டியார் வட்டிக்கடைகள், ஏறத்தாழ 75 கோடி ரூபாய் முதல். அந்தக் காலத்து 75 கோடி என்பதைக் கவனிக்க வேண்டும். ரங்கூன் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டி இவ்வளவு என்று தீர்மானிப்பார்கள். தாராளச் சந்தையில் விலையைச் சந்தை வைக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே கடன் கொடுப்பவர்களே உட்கார்ந்து வைத்தார்கள்.

1930இல் உலகமெங்கும் மந்தம், நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாதவர்களின் நிலம் கடைகளின் பேருக்கு மாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1938 வாக்கில் 25 சதவீதம். எங்களுக்கு நிலம் வேண்டாம், பணம்தான் வேண்டும், வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டோம் என்று செட்டிநாட்டில் இன்றும் சொல்வார்கள். அது பொய்யில்லை. வட்டிக்கடைக்காரனுக்கு நிலம் முடங்கிய முதல். ஆனால் பர்மியக் குடியானவன் பக்கத்திலிருந்து பாருங்கள். கடன் கொடுப்பவர்கள் ஒரே கூட்டம், நெல் வாங்குபவர்கள் நாலைந்து பெரிய ஆலைக்காரர்கள், வரி கேட்பவன் வெள்ளைக்காரன். எவனிடம் போய் மாட்டேன் என்பது? 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் கிளம்பிய கலகத்துக்குப் பின்னால் இந்த மூச்சுமுட்டலும் இருந்தது. சந்தை இருந்துவிட்டால் சுதந்திரம் தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுவேன்.

1942இல் ஜப்பான்காரன் வர, பலர் நடந்தே ஊர் வந்தார்கள். 1948இல் பர்மா விடுதலை பெற்றது, அதே ஆண்டில் நில அரசுடைமைச் சட்டம் வந்தது. இழப்பீடு என்று சட்டத்தில் எழுதியிருந்தது. பெரும்பாலோர் கைக்கு வந்தது பூஜ்யம் என்றே சொல்லலாம். 1962 மார்ச்சில் நே வின் ராணுவ ஆட்சியைப் பிடித்து 'சோஷலிசத்துக்கான பர்மியப் பாதை' என்று அறிவித்தார். மார்க்ஸ் கொஞ்சம், பௌத்தம் கொஞ்சம், பட்டாளம் நிறைய. இதுவும் கலவைதான், தம்பி. 1963 பிப்ரவரியில் வங்கிகள், அடுத்த ஆண்டு கடைகண்ணிகள் அரசுடைமை. 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டு செல்லாது என்றார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினார்கள். போட்டிருந்த நகையைக்கூடக் கொண்டுவர விடவில்லை. சென்னைக் கடற்கரையோரம் பர்மா பஜார் உண்டானது இப்படி வந்தவர்களுக்காகத்தான்.

இதைச் செட்டியார்களுக்குக் கிடைத்த தண்டனை என்று சிலர் சொல்வார்கள். நிலம் பர்மியக் குடியானவனுக்குப் போய்ச் சேர்ந்து அவன் நிமிர்ந்திருந்தால் அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. நடந்தது வேறு. நிலம் அரசுடையது ஆயிற்று. எதைப் பயிரிட வேண்டும், என்ன விலைக்கு அரசுக்கு அளக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. செட்டியாராவது கோர்ட்டுக்குத்தான் போவார். பட்டாளத்துக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. 1987 செப்டம்பரில் நே வின் மறுபடியும் 25, 35, 75 கியாத் நோட்டுகளை இழப்பீடே இல்லாமல் ஒழித்து, ஒன்பதால் வகுபடுகிற 45, 90 நோட்டுகளை அச்சடித்தார். ஒன்பது அவருக்கு ராசி எண். ஒரு மனிதனின் சோதிட நம்பிக்கை ஒரு தேசத்தின் சேமிப்பை விழுங்கியது. அடுத்த ஆண்டே, 1988இல், மக்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கியால் பதில் கிடைத்தது. ஒரு காலத்தில் உலகுக்கு அரிசி அனுப்பிய நாடு அது.

முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர்களும் உண்டு. 1900இல் பர்மாவின் மோல்மீனில் தொழில் தொடங்கிய பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் போருக்கு முன்பே, 1930களிலேயே, முதலை இந்தியாவுக்குத் திருப்பிக்கொண்டது. வெளியேறும் கதவு திறந்திருக்கும்போதே வெளியேற வேண்டும் என்பது வட்டிக்கடைக்காரனின் பழைய பாடம். கம்யூனிச ஆட்சிக்குள் போன வியட்நாமின் சைகோனில் இன்றும் செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. அவர்கள் கடைகள் இல்லை.

இப்போது நம் நாடு. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் 'சோஷலிச பாணிச் சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. 1956ஆம் ஆண்டின் தொழில் கொள்கை 17 தொழில்களை அரசுக்கு ஒதுக்கியது. டாட்டாவும் இருக்கலாம், பிலாய் உருக்காலையும் இருக்கும். இந்தக் கலவையின் இரண்டு பெரிய அடிகளும் செட்டிநாட்டின் மேல் நேராகவே விழுந்தன. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று ஒரே நாளில் மூன்று ஊரில் திறந்தார். அவருடைய யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு உயரமான கட்டடத்தையும் தொடங்கினார். 1954இல் சிங்கப்பூரில் விமான விபத்தில் இறந்துபோனார். 1956இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையானது. 1959இல் திறந்தபோது கட்டடத்துக்குப் பெயர் எல்.ஐ.சி. 1969 ஜூலை 19இல் இந்திரா காந்தி அம்மையார் அரசுடைமையாக்கிய 14 வங்கிகளில் ஐ.ஓ.பி.யும் ஒன்று.

பர்மாவிலும் வங்கியை எடுத்தார்கள், இங்கேயும் எடுத்தார்கள். என்ன வித்தியாசம்? ஆர்.சி. கூப்பர் என்ற ஒரு பங்குதாரர் இங்கே உச்ச நீதிமன்றம் போனார். 1970 பிப்ரவரி 10இல் பதினொரு நீதிபதிகளில் பத்துப் பேர், கொடுக்கும் இழப்பீடு சரியில்லை, இந்த 14 வங்கிகளை மட்டும் பிரித்து நடத்துவதும் சரியில்லை என்று சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். (ஐ.ஓ.பி. பிறந்த தேதியும் அதுவே என்பது தற்செயல்.) நாலே நாளில் அரசு புதிய அவசரச் சட்டம் கொண்டுவந்து, இழப்பீட்டை ஒழுங்காகக் குறிப்பிட்டு வங்கிகளை மறுபடி எடுத்துக்கொண்டது. கடைசியில் வங்கி போனது போனதுதான். ஆனாலும் ரங்கூனில் ஒரு பங்குதாரர் நே வின் மேல் வழக்குப் போட்டு ஜெயித்து, அவர் சட்டத்தைத் திருத்தி எழுதியிருப்பார் என்று உங்களால் கற்பனை செய்ய முடிகிறதா? இரண்டு நாட்டிலும் வங்கி அரசின் கைக்குப் போனது. தனிமனிதனுக்குக் கிடைத்த மரியாதை ஒன்றல்ல.

வங்கி அரசுடைமையால் நன்மையே இல்லை என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. 1969இல் நாடு முழுக்க எட்டாயிரத்துச் சொச்சம் வங்கிக் கிளைகள் இருந்தன. 1990 வாக்கில் அது அறுபதாயிரத்தை நெருங்கியது. எங்கள் பக்கத்து மானாவாரிக் கிராமங்களில் நகைக்கடனுக்கு அடகுக் கடையைத் தவிர இன்னொரு வாசல் திறந்தது அப்போதுதான். கடன் வாங்குபவனுக்கு இரண்டு வாசல் இருப்பதும் சுதந்திரத்தில் சேர்த்தி.

ஆனால் அதே காலத்தில் அரசு வீட்டுக்குள்ளும் வந்தது. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு: 14 காரட்டுக்கு மேல் புதுநகை செய்யக் கூடாது என்று உத்தரவு. 22 காரட்டுக்குக் குறைந்த தங்கத்தை மதிக்காத ஊரில், கழுத்துரு என்ற கல்யாண நகைக்கு எத்தனை பவுன் என்று தலைமுறை தலைமுறையாகப் பேசுகிற சமூகத்தில் இது எப்படி இருந்திருக்கும்! பொற்கொல்லர்கள் பிழைப்பிழந்து நின்றார்கள். 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தங்கக் கட்டி வைத்திருப்பது குற்றம். குடும்பத்துக்கு 4 கிலோவுக்கு மேல் நகை இருந்தால் அரசிடம் கணக்குக் காட்ட வேண்டும். பெட்டகத்தில் என்ன இருக்கிறது என்று மாமியார் மருமகளுக்கே சொல்லாத வீடுகளில் அதிகாரிக்குச் சொல்லிவிடுவார்களா? தங்கம் கடத்தலுக்குப் போனது. அந்தச் சட்டத்தை 1990இல்தான் எடுத்தார்கள். 1973-74இல் வருமான வரியின் உச்ச விகிதம் கூடுதல் வரியோடு சேர்த்து 97.75 சதவீதம். நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய் உங்களுக்கு என்றால் யார் கணக்கை நேராக எழுதுவார்? 1997 பட்ஜெட்டில் உச்ச விகிதத்தை 30 சதவீதமாக்கிய நிதியமைச்சர் ப. சிதம்பரம் கண்டனூர்க்காரர் என்பதில் எங்கள் ஊரில் கொஞ்சம் பெருமை உண்டு. கட்சி பேதம் பார்த்துப் பெருமைப்படாதவர்களும் உண்டு.

சீனாவைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 1978 இறுதியில் அன்ஹூய் மாகாணத்து சியாகாங் என்ற ஊரில் 18 குடியானவர்கள் ரகசியமாக ஒரு ஒப்பந்தம் எழுதிக் கைரேகை வைத்தார்கள். கம்யூன் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசுக்கு அளக்க வேண்டியதை அளந்துவிட்டு மிச்சத்தைத் தாமே வைத்துக்கொள்வது, மாட்டிக்கொண்டு யாராவது சிறைக்குப் போனால் அவர் பிள்ளைகளை மற்றவர்கள் 18 வயது வரை வளர்ப்பது. மேலே சொன்ன வேறு வைத்தல் இதுதான், சீனத்தில். விளைச்சல் பெருகியது. டெங் சியாவோபிங் அதைத் தடுக்கவில்லை, நாடு முழுக்கப் பரவியது. 1980இல் ஷென்சென் முதலிய சிறப்புப் பொருளாதார மண்டலங்கள், 1992இல் 'சோஷலிசச் சந்தைப் பொருளாதாரம்' என்ற பெயர். கோடானுகோடிப் பேர் வறுமையிலிருந்து ஏறினார்கள். அதை மறுக்கிறவனிடம் பேசிப் பயனில்லை.

ஒரே கட்சியின் ஆட்சி என்ற மூன்றாவது சரக்கு மட்டும் இடம் மாறவில்லை. சந்தை திறந்த அதே 1980இல்தான் ஒரு குடும்பத்துக்கு ஒரு குழந்தை என்ற கட்டளையும் வந்தது. 2015 முடியும் வரை நீடித்தது. கடை வைக்கச் சுதந்திரம் உண்டு, இரண்டாவது பிள்ளை பெறக் கிடையாது! கிராமத்தில் பதிவானவன் நகரத்தில் எத்தனை வருஷம் உழைத்தாலும் அவன் பிள்ளைக்கு அங்கே பள்ளி எளிதில் கிடைக்காது. 1958 முதல் இருக்கும் குடும்பப் பதிவு முறை அப்படி. பெரிய முதலாளிக்கும் விலக்கில்லை. 2020 நவம்பரில் ஜாக் மாவின் ஆண்ட் நிறுவனப் பங்கு வெளியீட்டை, பட்டியலிடுவதற்கு இரண்டு நாள் முன்பு நிறுத்தினார்கள். அதற்குச் சற்று முன்னால் அவர் வங்கி ஒழுங்குமுறையை மேடையில் குறை சொல்லியிருந்தார்.

வட்டிக்கடைப் பரம்பரை ஊருக்குச் சுவையான செய்தி ஒன்று. நீதிமன்றம் சொல்லியும் கடனைக் கட்டாதவர்களின் கறுப்புப் பட்டியல் ஒன்றைச் சீன உச்ச நீதிமன்றம் 2013இலிருந்து வைத்திருக்கிறது. அதில் பெயர் இருந்தால் விமானச் சீட்டோ அதிவேக ரயில் சீட்டோ கிடைக்காது. 2018 முடிய சுமார் 1.75 கோடி தடவை இப்படி விமானச் சீட்டு மறுக்கப்பட்டதாக அவர்கள் அரசே சொன்னது. வாராக்கடனால் நொந்தவருக்கு இது அற்புதமான யோசனையாகப் படும். கடன் வசூலுக்கு மட்டும் பயன்பட்டால் நானும் பெரிதாகப் பேச மாட்டேன். ஆனால் அந்தப் பொறி ஒருமுறை கைக்கு வந்தபின் யார் பெயரை அதில் சேர்ப்பது என்று ஆட்சியாளரைத் தட்டிக்கேட்க அங்கே ஆள் இல்லை. பத்திரிகையாளர் ஒருவருக்கு அவதூறு வழக்கில் அபராதம் விழுந்து, பின்பு அவரும் ரயில் ஏற முடியாமல் நின்ற செய்தியெல்லாம் வந்திருக்கிறது.

எதிர்ப்பக்கம் சிங்கப்பூர். முதலாளித்துவத்தின் செல்லப்பிள்ளை என்று பேர். நிலத்தில் சுமார் 90 சதவீதம் அரசுடையது. மக்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் அரசு வாரியம் கட்டிய அடுக்குமாடியில் 99 வருஷக் குத்தகையில் இருக்கிறார்கள். 55 வயது வரை சம்பளத்தில் தொழிலாளி 20, முதலாளி 17 என்று 37 சதவீதம் கட்டாயச் சேமிப்பு. 1989இலிருந்து ஒவ்வொரு அடுக்குமாடியிலும் எந்த இனத்தார் எத்தனை பங்கு இருக்கலாம் என்றும் வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டை யாருக்கு விற்கலாம் என்பது வாங்குபவரின் இனத்தையும் பொறுத்தது! மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நகரத்தாரின் கிட்டங்கிகள், அதாவது பலர் சேர்ந்து தொழில் நடத்தும் கூடங்கள், இருந்தன. 1970களில் நகரச் சீரமைப்பு என்று அந்த இடத்தை எடுத்தார்கள். ஒரு கட்டடத்தில் வரிசையாகப் பெட்டியடி (கணக்குப் பெட்டியும் இருக்கையும்) போட்டுத் தொழில் செய்த வாழ்க்கை அதோடு முடிந்தது. ஆனாலும் நம்மவர்கள் அங்கே போகத் துடிக்கிறார்கள், பர்மாவுக்குத் துடிப்பதில்லை. ஒப்பந்தத்தை மதிப்பார்கள், போட்ட காசை எடுத்துக்கொண்டு புறப்படலாம். அரசியல் பேச்சில் மட்டும் வாயைக் கொஞ்சம் அளந்து திறக்க வேண்டும். பலருக்கு அந்தப் பேரம் கட்டுபடியாகிறது. எனக்கு ஆகாது, ஆனால் நான் அங்கே பிழைக்கப் போகவில்லை.

கட்டளை இல்லாமலும் கலக்கலாம் என்பதற்கு எங்கள் வட்டாரத்திலேயே சாட்சி உண்டு. கோட்டையூர் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் திறந்தார்கள். நேரு அவரை 'சோஷலிச முதலாளி' என்றார் என்று இங்கே சொல்வார்கள். தனியார் முதல், அரசின் நிர்வாகம், பலன் பொதுவுக்கு. யாரும் அவர் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. இன்னொருவர் குன்றக்குடி அடிகளார். சைவ மடத்துத் தலைவராக இருந்துகொண்டே பொதுவுடைமையைப் பேசினார், சோவியத் நாட்டுக்கும் போய்வந்தார். குன்றக்குடி கிராமத் திட்டம் என்று கூட்டுறவுச் சங்கங்களையும் சிறு தொழில்களையும் அந்த ஆய்வகத்தின் உதவியோடு ஊரில் உண்டாக்கினார். விரும்பினவன் சேர்ந்தான், விரும்பாதவன் தன் கொல்லையைப் பார்த்துக்கொண்டான். இந்த வகை ஊரளவில் நன்றாக வேலை செய்யும். நாடளவில் அது மட்டும் போதாது. கொடையாளியின் மனத்தை நம்பிச் சோறு வைக்க முடியாது.

நாடளவில் எனக்குப் பிடித்த கலவை நம் ரேஷன் கடை. தமிழ்நாட்டில் ஏழை பணக்காரன் என்று பிரிக்காமல் எல்லாருக்கும் அட்டை. அரிசி வேண்டாம் என்றால் சர்க்கரை அட்டை. எதுவுமே வேண்டாம் என்றால் பொருளில்லா அட்டை. அரசு கொடுக்கிறது, வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம், வெளியில் அரிசிக்கடையும் திறந்திருக்கிறது. அரசின் பங்கு இதில் பெரியது. பிடி சிறியது.

அந்த ரேஷன் கடையிலேயே இப்போது கைரேகை வைக்க வேண்டும். வயலில் உழைத்து ரேகை தேய்ந்த கிழவிக்கு இயந்திரம் 'பொருந்தவில்லை' என்கிறது. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2018 செப்டம்பரில் ஆதாரை அனுமதித்துத் தனியார் கம்பெனிகள் அதைக் கட்டாயமாகக் கேட்க இடம் தந்த பிரிவை ரத்து செய்தார்கள். 2016 நவம்பரில் புழக்கத்திலிருந்த பணத்தில் 86 சதவீதத்தைச் செல்லாது என்றபோது, நே வின் செய்ததுபோல் விழுங்கவில்லை, வங்கியில் கட்டிக்கொள்ள விட்டார்கள். ஆனால் கட்டிய பணத்தை எடுக்க வரம்பு. வழக்கு நடந்து, 2023 ஜனவரியில் நாலு நீதிபதிகள் சரி என்றார்கள், ஒருவர் தவறு என்று எழுதினார். அதற்குள் ஆறு வருஷம் ஓடிவிட்டது. கூப்பருக்கு ஏழு மாதத்தில் தீர்ப்புக் கிடைத்தது. வழக்குப் போடும் உரிமை காகிதத்தில் இருந்தும் தாமதத்தால் தேயும் என்பதற்கு இதையே காட்டலாம்.

தனியார் பக்கமும் தூங்கவில்லை. கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் 300க்கும் 900க்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பது உங்கள் வீட்டுக் கடனைத் தீர்மானிக்கிறது. சீனக் கறுப்புப் பட்டியலோடு அதைச் சமமாக வைக்க மாட்டேன். கடன்தான் மறுப்பார்கள், ரயிலேற விடுவார்கள். தப்பிருந்தால் திருத்தக் கேட்கலாம். ஆனால் தனியாரிடம் இருக்கும் விவரமும் அரசிடம் இருக்கும் விவரமும் ஒரே இடத்தில் சேரும் நாளில், முதலாளித்துவம் எங்கே முடிந்து அரசு எங்கே தொடங்குகிறது என்று கேட்பது வீண்வேலையாகிவிடும்.

ஆகவே தம்பி, எந்த நாடு எத்தனை சதவீதம் சோஷலிசம் என்ற அட்டவணையை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். கம்பெனிகள் உங்கள் விவரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று மற்ற பிரிவுகள் சொல்கின்றன. மத்திய அரசு அறிவிக்கும் தன்னுடைய அமைப்புகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்குக் கொடுப்பது அந்தப் பிரிவுதான்.